பாஸ்வேர்ட் தெரியாத கவர்னர்

கே: சும்மா இருந்த போன் திடீரென அலறி 'அபாய எச்சரிக்கை' என்றது. அரசாங்கத்துக்கு என் நம்பரைக் கொடுத்தது யார்? (வாசகர், தாம்பரம்)

ப: யாரும் கொடுக்கவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. இதற்குப் பெயர் செல் பிராட்காஸ்ட். எஸ்.எம்.எஸ். ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாகப் போயாக வேண்டும். புயல் நேரத்து நெரிசலில் சிக்கினால் மறுநாள் வந்து 'இன்று கனமழை' என்று சொல்லும். செல் பிராட்காஸ்ட் கோயில் ஸ்பீக்கர் மாதிரி. டவர் ஒருமுறை சொல்லும், அதன் எல்லைக்குள் இருக்கும் போன்களெல்லாம் கேட்கும். யார் யார் கேட்டார்கள் என்று டவருக்கே தெரியாது. 2023-ல் தொலைத்தொடர்புத் துறை மாநிலம் மாநிலமாகச் சோதித்துப் பார்த்தது இதைத்தான்.

கே: யாராவது கைதவறி பட்டனை அமுக்கிவிட்டால்? (வாசகி, கும்பகோணம்)

ப: அமுக்கியிருக்கிறார்கள். 2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை 8.07. ஹவாய்த் தீவுகளில் போன்களெல்லாம் அலறின: ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல.

ஒத்திகைதான். ஷிப்ட் மாறும் நேரத்தில் வைத்த பயிற்சி. அதற்காக ஒலித்த பதிவில் 'பயிற்சி, பயிற்சி' என்றும் இருந்தது, 'இது ஒத்திகை அல்ல' என்றும் இருந்தது. ஊழியர் இரண்டாவதை நம்பிவிட்டார். (நானாக இருந்தால் முதலில் அந்த வசனகர்த்தாவைத்தான் விசாரித்திருப்பேன்.) அதே போன்களுக்கு மறுப்பு போய்ச் சேர 38 நிமிடம் ஆயிற்று. ஏவுகணை வருகிறது என்று சொல்ல வாசகம் தயாராக இருந்தது. வரவில்லை என்று சொல்ல யாரும் எழுதி வைக்கவில்லை! அதற்குள் பிள்ளைகளை மழைநீர் வடிகாலுக்குள் இறக்கியவர்கள் உண்டு.

கவர்னர் டேவிட் இகேவுக்கு (அங்கே கவர்னர் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர், பழக்கதோஷத்தில் குழம்ப வேண்டாம்) இரண்டே நிமிடத்தில் உண்மை தெரிந்துவிட்டது. ட்விட்டரில் சொல்ல மேலும் 15 நிமிடம். பாஸ்வேர்ட் தெரியவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். இப்போது அங்கே இரண்டு பேர் சேர்ந்தால்தான் எச்சரிக்கை போகும்.

கே: பாஸ்வேர்டை மானிட்டரிலேயே சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தப்பா? (பெயர் வேண்டாம் என்ற அரசு ஊழியர், திருச்சி)

ப: துணைக்கு ஆள் இருக்கிறது. அதே ஹவாய் அலுவலகத்தில் 2017-ல் எடுத்த பத்திரிகைப் படம் ஒன்றில், அதிகாரிக்குப் பின்னால் உள்ள மானிட்டரில் பாஸ்வேர்டோடு ஒரு சீட்டு தெரிகிறது. உங்களை யாரும் படம் எடுக்குமுன் கிழித்துவிடுங்கள்.

கே: என்கிரிப்ஷன் இருந்தால் ரகசியம் பத்திரம்தானே? (வாசகர், சேலம்)

ப: 2025 மார்ச்சில் அமெரிக்க அமைச்சர்கள் ஏமன் தாக்குதலைப் பற்றி சிக்னல் ஆப்பில் குரூப் போட்டுப் பேசினார்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை. 'தி அட்லான்டிக்' பத்திரிகையின் ஆசிரியரை அவர்களே குரூப்பில் சேர்த்திருந்தார்கள்.

கே: எங்கள் துறையில் 'ரகசியம்' என்ற முத்திரை விழாத காகிதமே இல்லையே! (ஓய்வு பெற்றவர், வேலூர்)

ப: சைபர் பாதுகாப்புக்காரர்கள் சிக்னல் விளக்கு மாதிரி நிறம் பிரித்திருக்கிறார்கள். சிவப்பு என்றால் சொன்னவர், கேட்டவரோடு சரி. ஆம்பர் நிறுவனமும் அதன் வாடிக்கையாளர்களும் வரை. பச்சை சக துறைக்காரர்கள் வரை. நிறமில்லாதது ஊருக்கே. உங்கள் துறைக்கு ஒரே ஒரு பல்பு வாங்கியிருக்கிறார்கள்.

கே: போலீசுக்கு ஒரு வாக்கி-டாக்கி, தீயணைப்புக்கு வேறொன்று. அதனால் என்ன நஷ்டம்? (வாசகர், மதுரை)

ப: 2001 செப்டம்பர் 11, நியூயார்க். உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரம் நிற்காது போலிருக்கிறது என்று போலீஸ் ஹெலிகாப்டர் ரேடியோவில் சொன்னது. அது போலீஸ் ரேடியோ. உள்ளே படிக்கட்டில் இருந்த தீயணைப்பு வீரர்கள் கையில் இருந்தது வேறு. அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். எல்லா மரணமும் இதனால் அல்ல, ஆனால் இதைக் கழித்துவிட்டு அந்தக் கணக்கைப் பார்க்கவும் முடியாது. மீட்புத் துறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வலையமைப்புக்கு அங்கே சட்டம் வர 2012 ஆயிற்று.

கே: ஒக்கி புயலுக்குப் பிறகாவது ஆழ்கடலில் இருப்பவனுக்குச் செய்தி போகிறதா? (மீனவர், குளச்சல்)

ப: போகிறது. 2017-ல் கரையிலிருந்து கூப்பிட்டும் எட்டாத தூரத்தில் படகுகள் இருந்தன. 2019-ல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது (கூகுளுடையது அல்ல, அதற்கு முந்தியது). செயற்கைக்கோள் வழியே புயல் எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத்தில் போனுக்குத் தரும். ஆனால் ஒருவழிப் பாதை. கரை சொல்லும், நீங்கள் கேட்கலாம். 'எஞ்சின் நின்றுவிட்டது' என்று திருப்பிச் சொல்ல முடியாது. ஆபத்தில் இருப்பவனுக்குக் காது மட்டும் கொடுத்து என்ன பயன்? இருவழி டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024-ல்தான் தொடங்கியது. உங்கள் படகுக்கு வந்துவிட்டதா? எழுதுங்கள்.

கே: சுனாமி அன்று இதெல்லாம் இருந்திருந்தால்? (வாசகி, கடலூர்)

ப: சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது; சொல்லத்தான் ஆளில்லை. ஹைதராபாதில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல். ஆனால் புதுச்சேரி அருகே நல்லவாடு கிராமம் அன்றே தப்பித்தது. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் பார்த்துப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்த அறிவு மையத்தில் மைக் இருந்தது. மீன் விலையும் கடல் நிலவரமும் தினம் சொன்ன மைக் என்பதால், 'ஓடுங்கள்' என்றதும் ஊர் ஓடியது.

கே: 'அவசரம், உடனே பகிரவும்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பலாமா? (குடும்பத் தலைவி, வேளச்சேரி)

ப: தேதி, ஊர், வெளியிட்ட அலுவலகம் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். 2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று சென்னையே பகிர்ந்தது. பண்ணைக்காரர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு எல்லாம் இருக்கின்றன என்று அறிக்கை விட்டார்கள். அதை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.