கிழக்குப் பக்கமா, மேற்குப் பக்கமா?

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் விடுதி தேடும்போது நீச்சல்குளம் உண்டா, காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தியா என்றெல்லாம் விசாரிப்பார்கள். வீட்டில் பதினாலிலும் பதினேழிலும் இரண்டு இருந்தால் இதெல்லாம் வீண் வேலை. விடுதி தீவின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வாடகை வீட்டுக்கே வாசல் எந்தத் திசை என்று நாலு பேரைக் கேட்கிற நாம், இங்கே மட்டும் ஏனோ கேட்பதில்லை.

எல்லாம் சூரியனால் வந்த வினை. தீவு இருப்பது ஏறக்குறைய 93 டிகிரி தீர்க்கரேகையில். கடிகாரமோ 82.5 டிகிரிக் கணக்கில் இந்தியா முழுவதற்கும் ஓடுகிற அதே கடிகாரம். டிகிரிக்கு நாலு நிமிஷம் வீதம் நாற்பது நிமிஷத்துக்குச் சூரியன் முந்திக்கொள்கிறான். டிசம்பர் கடைசியில் காலை ஐந்தரை வாக்கில் விடிந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். உச்சிவெயில் பதினொன்றேகாலுக்கு. எங்கள் பையன் விடுமுறையில் கண் விழிப்பதும் அதே பதினொன்றேகாலுக்குத்தான். பல் விளக்கி, ஃபோன் பார்த்து, சாப்பிட்டு முடித்தால் பகலில் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் எக்ஸெல்லில் கணக்குப் போட்டார். ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு நம்பர் உண்டு. மூன்றாம் நம்பர் கோவிந்த நகர், ஐந்தாம் நம்பர் விஜய நகர், இரண்டும் கிழக்கே. ஏழாம் நம்பர் ராதாநகர் மேற்கே. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் ஊர்கள் இவை. கிருஷ்ண நகர், ஷ்யாம் நகர்கூட உண்டு. அரசாங்கம் 2018இல் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றியது. ராதாவும் கோவிந்தனும் அப்படியே ஆளுக்கொரு கரையில் இருக்கிறார்கள்.

ராதாநகர்தான் ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று 2004இல் டைம் பத்திரிகை எழுதியது. மெத்தென்ற மணல், பின்னால் உயர உயரமாகக் காடு, எதிரே அஸ்தமனம். விடியற்காலையில் எழாத பிள்ளைகளுக்கு அஸ்தமனம் பார்த்த கரைதான் லாயக்கு, அதனால் மேற்கு என்றார் அவர். கிழக்கிலோ கடல் வற்றினால் வெகுதூரத்துக்குப் பாறையும் சேறுமாகத் தெரியும், முழங்கால்கூட நனையாது. திருச்செந்தூரில் கடல் கொஞ்சம் உள்வாங்கினால் மறுநாள் பேப்பரில் படம் வரும். இங்கே தினம் இரண்டு தடவை நடக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வற்றுகிற நேரமும் தினம் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகும். எங்கள் பையன் எழுந்திருக்கும் நேரமும் லீவில் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் தள்ளிப்போகும்.

பிள்ளைகளின் கேள்வித்தாள் வேறு. "வைஃபை வருமா?" இது முதல் கேள்வி. சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் ஹேவ்லாக் வரை இழுத்துவிட்டார்கள். அதற்கு முன் சாட்டிலைட்டை நம்பி, ஒரு ஃபோட்டோ அனுப்பவே தவம் கிடந்த தீவு. நாலைந்து வருஷம் முன்னாடியே வந்திருக்கலாம் என்று வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"ஒரே ரூம், எக்ஸ்ட்ரா பெட் ரெண்டு" என்று அவர் ஆரம்பித்ததுமே மகள் பார்த்த பார்வையில் அந்த யோசனை முடிந்தது. தனி ரூம், தனி பாத்ரூம், வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி கண்ணாடி. மூங்கில் குடில் வேண்டவே வேண்டாமாம். "அப்பா குறட்டை நாலு குடிலுக்குக் கேக்கும்மா." இதில் அவள் பக்கம் நியாயம் இருந்தது. பையனுக்குக் கட்டிலைவிட்டு இறங்காமல் கை எட்டும் தூரத்தில் ஒரு ப்ளக் பாயிண்ட் போதும். கடல் எவ்வளவு தூரம் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

நான் கடலைப் பற்றி யோசிக்கவில்லை, ராத்திரியைப் பற்றி யோசித்தேன். ஐந்து மணிக்கு இருட்டிவிடுகிறது. இதுகள் தூங்குவது ஒரு மணிக்கு. இடையில் எட்டு மணி நேரம். மேற்கே தங்குமிடம் சிலதுதான், வாடகையும் எகிறும். இருட்டினால் சுற்றிலும் காடு. ஒன்பது மணிக்கு "பசிக்குதும்மா" என்று வந்து நின்றால் ரூம் சர்வீஸ் விலையில் ஒரு நூடுல்ஸ். கிழக்கே சாலை நெடுகச் சாப்பாட்டுக் கடைகள், மீன் குழம்போடு வங்காளிச் சாப்பாடு, டைவிங் கடைகள். பகலில் ராதாநகருக்கு ஆட்டோவில் போய் அஸ்தமனம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். ராத்திரி பசியை எந்த ஆட்டோவில் ஏற்றுவது? கிழக்கு என்று முடிவானது. மலிவாகக் கிடைத்தது என்னவோ இரண்டு மூங்கில் குடில்கள்தான். நடுவில் ஒரு குடில் விட்டுப் போட்டுத்தரச் சொல்லி மகளைச் சமாதானம் செய்தேன். நடுக்குடிலில் தேனிலவுத் தம்பதி. பாவம்.

பத்து வயதானால் ஸ்கூபா டைவிங்குக்கு விடுவார்கள் என்று பையன் எங்கேயோ படித்திருந்தான். படகு விடியற்காலையில் கிளம்பும் என்றார்கள். சரி, போகமாட்டான் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி, "இன்னும் என்ன தூக்கம் உங்களுக்கு?" என்று எங்களை எழுப்பியவன் அவன்தான். போகிறபோக்கில் சூரியோதயத்தை ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான்.

அதற்கடுத்த நாள் என் தாய்மாமா திருநெல்வேலியிலிருந்து கூப்பிட்டார். "ஏ, பையன் காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கானாமே! அந்தமான் தண்ணி ஆளையே மாத்திட்டே. கூப்பிடு அவன, ரெண்டு வார்த்தை பாராட்டணும்."

மணி பதினொன்று. அந்தப் பக்கத்துக் குடிலில் திரைச்சீலைகூட இன்னும் விலகவில்லை.

"கடல்ல இருக்கான் மாமா" என்றேன். "ரொம்ப ஆழத்துல."