தரைக்கு என்ன அவசரம்?

கோடையில் சிமென்ட் தரையில் தண்ணீர் தெளித்து, துண்டை விரித்துப் படுத்து வளர்ந்தவன் நான். தரை என்றால் சில்லென்று இருக்க வேண்டும் என்பது உடம்பிலேயே ஊறிப்போன நம்பிக்கை. ஜெர்மனியில் தரைக்கு அடியில் குழாய் பதித்து அதில் வெந்நீர் ஓட விடுகிறார்கள் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். "தரையைச் சுட வச்சு என்னடா பண்ணப் போறீங்க? அப்பளமா சுடப் போறீங்க?" என்றாள். அப்பளமெல்லாம் ஆகாது. ஆட்கள் நடமாடும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பியத் தரநிலை சொல்கிறது. சென்னையில் மார்கழி மதியத்துக்கு ஆகிற சூடு, அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஸ்டுட்கார்ட் பக்கம். ஆறு அறை, ஒன்பது குழாய்ச் சுற்று. மாடிப்படிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி. சுற்றுகள் எல்லாம் வந்து சேரும் மேனிஃபோல்டு அதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் வால்வு மேலும், அதைத் திறந்து மூட, வெள்ளையாக ஓர் ஆக்சுவேட்டர் உட்கார்ந்திருக்கிறது. அறைக்கு அறை சூட்டைத் தனித்தனியாகக் கட்டுப்படுத்த வழி இருந்தாக வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். தரைச் சூடாக்கல் உள்ள அறை ஆறு சதுர மீட்டருக்கும் சிறியதென்றால் மட்டும் விலக்கு. இந்த விலக்கை நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை, என் மனைவி மறக்கவில்லை.

பழைய தெர்மோஸ்டாட்கள் ஒவ்வொன்றாக உயிரை விட, ஆக்சுவேட்டர்களுக்கு மின்சாரம் விடும் ஸ்மார்ட் ரிலே வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சந்தையில் நாலு சானல், ஆறு சானல், எட்டு சானல், பதினாறு சானல் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஓர் அறைக்கு இரண்டு சுற்று இருந்தாலும் ஒரே ரிலேயில் மாட்டிவிடலாம் என்பதால் ஆறு சானல் போதும். ஆனால் ஆறு போதும் என்று தெரிந்த மனிதன் எட்டைத்தான் பார்ப்பான்.

"மீதி ரெண்டுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"எதிர்காலத்துக்கு."

"எதிர்காலத்துல நமக்கு ரெண்டு ரூம் கூடுமா?"

இந்தக் கேள்விக்கான பதில் எந்த விவரப் புத்தகத்திலும் இல்லை.

அடுத்து ஆம்பியர். என்னைக் கவர்ந்த பெட்டியில் ஒவ்வொரு ரிலேயும் 16 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 3,680 வாட். அது ஓட்ட வேண்டிய ஆக்சுவேட்டர் தின்பதோ இரண்டு வாட் அளவில். பூனைக்குட்டியைக் கட்டிப்போட யானைச் சங்கிலி! இருந்தாலும் சங்கிலி பார்க்கக் கம்பீரமாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வேகத்தைப் பற்றியும் பெருமையாகப் போட்டிருந்தார்கள். போனில் விரல் பட்டதும் மில்லிசெகண்டுகளில் ரிலே 'டிக்' என்று மூடிக்கொள்ளுமாம். பிறகு? ஆக்சுவேட்டருக்குள் இருப்பது மெழுகு. மின்சாரம் அதைச் சூடாக்க வேண்டும், மெழுகு விரிய வேண்டும், விரிந்து வால்வைத் திறக்க வேண்டும். மூன்று, நான்கு நிமிடமாவது ஆகும். அப்புறம் வெந்நீர் ஓடி, ஏழெட்டு சென்டிமீட்டர் கனமுள்ள காங்கிரீட்டைச் சூடேற்றி, அந்தச் சூடு நம் பாதத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம். காலையில் பொத்தானை அழுத்திவிட்டு மத்தியானம் காலை வைத்துப் பார்க்கும் விஷயத்தில் மில்லிசெகண்டை மிச்சம் பிடித்து யாருக்கு என்ன லாபம்?

எங்களூர் எலக்ட்ரீஷியன் அந்தப் பெட்டியின் விவரப் பட்டியலை மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். இந்தப் பகுதி மக்களான ஸ்வாபியர்களுக்குச் சிரிப்பிலும் சிக்கனம். "ஒரு கணக்குப் போடுங்க" என்றார். வால்வை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூடும் பெட்டி என்றால் நாளைக்கு 72 தடவை. குளிர்காலம் 200 நாள் என்று வைத்தால் 14,400. சாதாரண ரிலேயின் ஆயுள் லட்சம் தடவை என்றால் ஏழு வருஷத்தில் கதை முடியும். தரைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாயோ ஐம்பது வருஷத்தை மனதில் வைத்துச் செய்தது. அதனால் அசையும் பாகமே இல்லாத டிரையாக் வகை வாங்கச் சொன்னார். அது சத்தமும் போடாது. எனக்கு உள்ளூர ஏமாற்றம். 'டிக்' கேட்காவிட்டால், செலவழித்த காசு வேலை செய்கிறது என்று வீட்டில் எப்படி நிரூபிப்பது?

அவர் கேட்கச் சொன்ன மற்ற கேள்விகள்தான் உருப்படியானவை. ஆக்சுவேட்டர் மின்சாரம் வந்தால் திறக்கிற ரகமா, மூடுகிற ரகமா? ரகம் மாறினால் ஜன்னல் ஓரம் நடுங்கும்போது ஸ்டோர் ரூம் கொதிக்கும். வெந்நீர் தரும் ஹீட் பம்பைக் கூப்பிடும் ரிலே, தானாக 230 வோல்ட்டை அனுப்பாத ட்ரை காண்டாக்ட்டா? அறை சென்சாரின் பேட்டரி தீர்ந்தால் பெட்டி என்ன செய்யும்? இன்டர்நெட் போனால்? கடைசிக் கேள்வி வேடிக்கையில்லை. ரிவால்வ் என்றொரு ஸ்மார்ட் ஹோம் பெட்டி இருந்தது. கலிபோர்னியாவின் நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கி, 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. வீடுகளில் வைத்த பெட்டிகள் வைத்தபடியே செத்துப்போயின. என் வீட்டு ஹால் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று கலிபோர்னியாவைக் கேட்கும் பெட்டி எனக்கு வேண்டாம்.

பட்டியலை மடித்துக் கொடுக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். தரையில் ஓடும் தண்ணீரைக் குறைந்த சூட்டில், முப்பது டிகிரிக்குச் சற்று மேலே வைத்திருந்தால், தரை தன்னைத்தானே கவனித்துக்கொள்ளுமாம். தரை 24, அறை 20 என்றால் நாலு டிகிரி வித்தியாசத்தில் சூடு மேலே வரும். வெயில் அடித்து அறை 22 ஆனால் வித்தியாசம் பாதி, சூடும் ஏறக்குறைய பாதி. ரிலே இல்லை, சென்சார் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. பணம் கொடுக்கத் தயாராக நிற்பவனிடம் சொல்லக் கூடிய பேச்சா இது? சட்டத்துக்காகப் பெட்டி வேண்டும்தான் என்று நானே அவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

ஆறு சானல் டிரையாக் பெட்டி வந்தது. ஆனால் மாட்டும்போது ஐந்துதான் தேவைப்பட்டது. எல்லா வால்வும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் தண்ணீர் ஓட வழியின்றி ஹீட் பம்ப் முரண்டு பிடிக்கும் என்பதால், ஒரு சுற்றை எப்போதும் திறந்தே வைப்பது நல்லது என்றார் எலக்ட்ரீஷியன். "பாத்ரூமை விடலாமா?" என்று அவர் கேட்பதற்குள் என் மனைவி ஸ்டோர் ரூம் கதவைத் திறந்து காட்டினாள். நாலரை சதுர மீட்டர், சட்டத்தில் விலக்கு. தரையில் மூடி போட்ட பெரிய எவர்சில்வர் தூக்கு. ஜனவரியில் இந்த ஊர்ச் சமையலறையில் இட்லி மாவு பொங்காமல் இரண்டு நாள் அப்படியே கிடக்கும்.

அவர் குனிந்து மூடியைத் திறந்தார். வாசனை வந்ததும் சட்டென்று மூடினார். "ஏதோ கெட்டுப்போச்சு போல" என்றார்.

"இல்லை, இப்பத்தான் தயாராகுது" என்றாள் அவள். அந்தச் சுற்றின் ஆக்சுவேட்டரை அவளே கழற்றி, ஆறாவது சானலோடு சேர்த்து, என் எதிர்காலத்துக்கென்று கையில் கொடுத்தாள்.