ஒருகை நூற்பா

“ஒருகையால் இயலும் மரபே நிற்கும்;
இருகை வேண்டுவது இரண்டாம் ஞாயிற்றில் இறும்.”

என்பது சூத்திரம். இஃது என் நுதலிற்றோ எனின், கிறிஸ்மஸுக்கு முந்திய அட்வென்ட் ஞாயிறுகள் நான்கிலும் ஒரு குடும்பம் எத்தனை சடங்குகளைத் தாங்கும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. ‘இறும்’ என்பது செத்துப்போகும் என்பதன் செய்யுள் வழக்கு. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதை ‘இருமும்’ என்று வாசித்தாள். டிசம்பர் மாத ஈரத்துக்கு அந்தப் பாடமும் பொருந்துவதால் தள்ள மனமில்லை.

சூத்திரம் யாத்தவனே உரையும் எழுதுவது அறிஞர் உலகில் ஐயத்துக்கு இடமானது. ஆனால் டிசம்பரில் வேறு ஆள் அகப்படவில்லை. வீட்டில் மற்ற எல்லாருக்கும் வேலை இருந்தது.

ஆய்வுக்களம் பாளையங்கோட்டையில் என் வீடு. ஆய்வுக்கு உட்பட்டோர் அம்மா, மனைவி, மேற்படி மகள். ஆய்வுமுறை, ஈசிசேரில் அமர்ந்து கவனித்தல். மூலச்சுவடி, நவம்பர் கடைசியில் என் கைப்பட எழுதி, குளிர்பெட்டிக் கதவில் காந்தப் பொம்மையால் மாட்டிய ‘அட்வென்ட் திட்டம்’ என்னும் தாள். மொத்தம் 11 வரிகள். ஏழாவது வரியில் மஞ்சள் கறை படிந்து ‘கே’ என்ற ஓரெழுத்தே மிஞ்சியிருக்கிறது. அது ‘கேக்’ என்பர் மகள் தரப்பினர். ‘கேரல்’ என்பர் அம்மா தரப்பினர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பல ஏடுகள் இருந்தன. எனக்கு இருப்பது ஒரே தாள், அதிலும் மாவு.

முதலில் காலவரையறை. நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறே அட்வென்ட்டின் முதல் ஞாயிறு. ஆகையால் இப்பருவம் ரப்பர் போல நீளும், சுருங்கும். 2022இல் 28 நாள். மறு ஆண்டே 22 நாள். ஆறு நாள் குறைந்ததால் வேலை குறைந்ததா என்றால், இல்லை. அதே வேலை நெருக்கமாக நின்றது.

‘அட்வென்டுஸ்’ என்னும் லத்தீன் சொல்லுக்கு வருகை என்று பொருள். இறையியலார் இதற்குச் சொல்லும் விளக்கங்கள் ஒருபுறம் இருக்க, எங்கள் வீட்டில் வருகை என்றால் சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் உறவினர் கூட்டம். அதற்குள் வெள்ளையடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் அடித்த வெள்ளை காயாது. அரிசி கழுவி உலர்த்தி மாவு திரிக்க வேண்டும், அதுவும் காயாது. மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை. இத்தனைக்கும் ஆதியில் இது ஒடுங்கியிருக்க வேண்டிய பருவம். 581இல் பிரான்சின் மாக்கோன் நகரில் கூடிய சபைச் சங்கம், நவம்பர் 11 முதல் கிறிஸ்மஸ் வரை வாரம் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொன்னது. அந்த ஆயர்கள் இன்று எங்கள் அடுப்படிக்கு வந்து எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ தெரியாது. அம்மா அவர்கள் கையில் ஆளுக்கு இரண்டு அச்சுமுறுக்கு கொடுப்பார் என்பது மட்டும் தெரியும்.

இனி, நிற்பனவும் இறுவனவும்.

திட்டத்தின் முதல் வரி மெழுகுவர்த்தி வளையம். 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய போதகர் யோகான் ஹின்ரிச் விச்செர்ன், ஒரு வண்டிச் சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் வாரநாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்திகளும் நட்டு, தினம் ஒன்றாகக் கூட்டி ஏற்றிவந்தார். கிறிஸ்மஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்ததால் வந்த யோசனை என்பார்கள். அவருக்குச் சக்கரம் கிடைத்தது; சக்கரத்தைத் தூக்கிவைக்க ஓர் இல்லம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். நானும் 2023இல் நான்கு மெழுகுவர்த்தி வாங்கி, இட்லித் தட்டில் நட்டேன்.

அந்த ஆண்டு மூன்றாம் ஞாயிறு டிசம்பர் 17. அன்று பிடித்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து ஊருக்குள் வந்தது. எங்கள் தெரு மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை. மின்சாரம் மட்டும் போயிற்று. முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு என்ற வரிசையெல்லாம் இருட்டில் யார் பார்த்தார்கள்? எது கைக்கு அகப்பட்டதோ அதை ஏற்றினோம். ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. விளக்கு திரும்ப வந்தபோது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு மிச்சம். 24ஆம் தேதி நான்காம் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து அந்தத் துண்டை அம்மா ஏற்றினார். ஒரு பாட்டு பாடினோம், ஊதி அணைத்தோம்.

அதுமுதல் எங்கள் வீட்டில் ஒரே மெழுகுவர்த்திதான். நான்கு ஞாயிறும் அதையே ஏற்றி அதையே அணைப்போம். விச்செர்ன் மரபில் வெளிச்சம் வாரா வாரம் கூடும். எங்கள் மரபில் மெழுகு வாரா வாரம் குறையும். மீதி நாளை எண்ணுவதற்கு இரண்டும் ஒன்றே. முக்கியமானது, லைட்டரைச் சொடுக்க ஒரு கை போதும்.

இரண்டாம் வரி, அட்வென்ட் காலண்டர். மியூனிக் நகரத்துக் கெர்ஹார்ட் லாங் என்பவருக்குச் சிறு வயதில் அவர் தாயார் அட்டையில் 24 பலகாரத் துண்டுகளைக் கோத்துத் தந்தாராம். வளர்ந்து அச்சுத் தொழிலுக்கு வந்தவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதையே காலண்டராக அச்சிட்டு விற்றார். மகளுக்காக நானும் 24 காகிதப் பைகள் ஒட்டி மிட்டாய் போட்டேன். நான்காம் தேதி எறும்பு 24ஆம் தேதி வரைக்கும் போய்விட்டது. பின்னர்தான் கவனித்தேன்: சுவரில் வசனக் காலண்டர் தொங்குகிறது. ஒரு கையால் சடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தாளைக் கிழித்து, வசனத்தை உரக்க வாசித்துவிட்டு மகள் பரீட்சைக்கு ஓடுகிறாள். அம்மா உள்ளிருந்து ஆமென் சொல்கிறார். லாங் வீட்டில் 24 நாள் நடந்தது எங்கள் வீட்டில் 365 நாளும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. பெயர் வைக்காததால் ஆய்வாளன் கண்ணில் படவில்லை.

ஸ்டார் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொரேவிய சபைப் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகச் செய்த காகித நட்சத்திரம்தான் முன்னோடி. இன்று அது 25 முனைகளோடு விற்கிறது. எங்களுடையது ஐந்து முனை, இரண்டு மழையில் மடங்கியவை. ஏணியில் ஏறிக் கட்டுவது ஆண்டுக்கு ஒருமுறை. பிறகு சுவிட்ச், ஒரு விரல் வேலை. அது நிற்கும்.

தினம் ஒரு நற்செயல் என்று எழுதிய சீட்டுகளைப் புட்டியில் போட்டுக் குலுக்கி எடுப்பது ஐந்தாம் வரி. எடுக்க ஒரு கை போதும், செய்ய இரண்டும் வேண்டும் என்ற நுட்பத்தை நான் முன்கூட்டி உணரவில்லை. ‘வீட்டில் ஒருவருக்கு உதவி செய்’ என்ற சீட்டு எனக்கே வந்தது. மாதிரி மாசுபடக் கூடாது என்பதற்காகத் திரும்பப் போட்டுவிட்டேன். மறுநாள் அதே சீட்டை எடுத்த மனைவி அதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள். அன்றோடு அம்மரபு இற்றது.

கேரல் ரவுண்ட்ஸ் இந்தச் சூத்திரத்துக்குப் புறனடை. இரவு பத்து மணி என்பார்கள்; ஒன்றரைக்கு டிரம்மோடு வருவார்கள். தூங்கிக்கொண்டே ஒரு கையால் கேட்டைத் திறந்து மறு கையால் காணிக்கைக் கவரை நீட்டலாம். யார் முயன்றாலும் இதைச் சுருக்க முடியாது, நிறுத்தவும் முடியாது.

இவ்வளவும் எழுதி, சூத்திரத்தைத் திட்டத்தாளின் அடியில் படியெடுத்து வைத்தேன். அடுப்படியில் மனைவி ஒரு கையில் அச்சும் மறு கையில் குச்சியுமாக நின்றிருந்தாள்.

“அத்தான், ஒரு கைன்னு எழுதியிருக்கீங்களே, அது யாரு கை?”

கேள்வி ஆய்வு வரம்புக்கு அப்பாற்பட்டது என்று குறித்துக்கொண்டேன். “எய்யா, அந்த முறுக்கு உரலைப் பிடி, மாவு காயுது” என்றார் அம்மா. ஈசிசேரிலிருந்து எழுந்தேன். பிழிவதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டதால் அன்று குறிப்பெடுக்க இயலவில்லை.

மறுநாள் காலை சுவடியில் ஒரு பாடபேதம் தென்பட்டது. ‘ஒருகையால் இயலும்’ என்பதில் ‘ஒரு’வைப் பென்சிலால் அடித்து, மேலே ‘என்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் எண்ணெய் விரலடையாளம் பதிந்திருப்பதால் இப்பாடம் அடுப்படி மரபைச் சார்ந்தது எனலாம். தளை தட்டவில்லை. பழைய பாடமும் இதுவாகவே இருக்கக்கூடும்.