நூல் தேடும் கலை

நூலைப் படிப்பதைவிட அதைத் தேடித்தரும் இணையக் கருவிகளை ஒப்பிடுவதே உயர்ந்த கல்வி என்னும் கொள்கை, விசைத்தறி ஓசை ஓயாத எடப்பாடி வரை பரவியிருப்பது பாராட்டுக்குரியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னெழுத்தாக்கி இலவசமாக வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அச்சுப் பக்கங்களைப் படமாக்கி வைத்துள்ளது. ஈழத்து எழுத்துகளுக்கு 2005 முதல் நூலகம் தளம் இருக்கிறது. வேர்ல்ட்கேட் என்பதோ நூலைத் தராமல், அது எந்நாட்டு நூலகத்தில் உள்ளது என்பதை மட்டும் சொல்லும் கூட்டுப் பட்டியல். இவற்றுள் இறுதியானதே தலைசிறந்தது என்பதில் ஐயமில்லை; ஏனெனில் அது படிக்கும் தொல்லையை அறவே நீக்குகிறது.

இக்கருவிகளை ஒப்பிட ஒரு விரிதாள், அதாவது கட்டம் கட்டிய கணினி அட்டவணை, தேவை. நல்ல விரிதாளுக்குரிய மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஆய்வு தேவை. அவ்வாய்வுக்கு உதவும் நூலைக் கண்டறிய மீண்டும் ஒரு தேடுகருவி தேவை. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்று சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதி இவ்வாறு முழுமையாக நிறைவேறுகிறது: வாசிப்புக்கென ஒதுக்கிய நேரத்தில் ஒரு நிமிடமும் வாசிப்பில் செலவாவதில்லை.

விரிதாள் நிறைவுபெறும் நாளில் ஒரே ஒரு குறை தென்படலாம்: தேடத் தொடங்கிய நூலின் பெயர் அதன் எந்தக் கட்டத்திலும் இராது. இதற்கிடையே, 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு நூலக வரியும் தவறாமல் வசூலாகிக்கொண்டிருக்கிறது.