கடனே என்று ஒரு லத்தீன் பாடம்

தமிழில் கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன். வாசலில் நின்று கத்துகிறானா, கொல்லைச் சுவரேறிக் குதிக்கிறானா என்று இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். ரோமானியர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. வாசலில் கத்துகிறவனை, பிற்கால லத்தீன் வழக்குப்படி, ‘பாகாரே’ செய்ய வேண்டும், அவ்வளவுதான். பாக்ஸ் என்றால் சமாதானம். பாகாரே என்றால் சமாதானப்படுத்துவது. இந்தச் சொல் பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து, கடல் தாண்டி இங்கிலாந்து போய், ‘பே’ என்று மீந்தது. ‘பே பண்ணிட்டேன்’ என்று நாம் சொல்லும்போது உள்ளே கிடக்கும் பழைய பொருள்: ‘கத்தாதே, இந்தா, போ.’

கத்துகிறவனுக்குச் சட்டத்தின் துணை இருந்தது. கி.மு. 450 வாக்கில் ரோமில் எழுதிவைத்த பன்னிரண்டு பலகைச் சட்டப்படி, தீர்ப்பானபின் கடனாளிக்கு 30 நாள் தவணை. அதற்குள் வராவிட்டால் கடன் கொடுத்தவர் ஆளை வீட்டுக்கே இழுத்துப்போய், 15 ராத்தல் விலங்கு பூட்டி, 60 நாள் வைத்துக்கொள்ளலாம். தினம் ஒரு ராத்தல் மாவு கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள், கருணை உள்ளவர்கள். நடுவில் மூன்று சந்தை நாட்களில் ஊர்நடுவே நிறுத்தி, பாக்கித் தொகையை உரக்கச் சொல்ல வேண்டும். அப்போதும் மீட்க ஆள் வரவில்லையா? டைபர் ஆற்றுக்கு அக்கரையில் விற்றுவிடலாம். கொடுத்தவர்கள் பலபேர் என்றால் ஆளைக் கூறுபோடலாம். போடும்போது கூறு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் குற்றமில்லை என்று அதற்கொரு துணைவிதி வேறு. மனித உடம்பில் எடைக்குறைவு வழக்கு வந்துவிடக் கூடாதே என்ற கவலை! அப்படி யாரையும் அறுத்ததாகப் படித்ததுமில்லை, கேட்டதுமில்லை என்று ரோமானிய எழுத்தாளர் ஔலுஸ் கெல்லியுஸின் நூலில் ஒரு சட்ட அறிஞர் சொல்கிறார். பயமுறுத்தலே போதுமானதாக இருந்திருக்கும்.

விலங்கு பூட்டிய ஊரில், கடனை அடைப்பதற்குப் பழைய சொல் ‘சொல்வெரே’. கட்டை அவிழ்ப்பது என்று பொருள். நம்மூரில் மஞ்சக் கடுதாசி கொடுத்தவனுக்குக் கோர்ட் வைக்கும் பெயர் ‘இன்சால்வென்ட்’. வேரைத் தோண்டினால், அவிழ்க்காதவன். வேடிக்கை என்னவென்றால் நாம் பணத்தைக் கட்டுகிறோம். பீஸ் கட்டுகிறோம், வரி கட்டுகிறோம், வட்டி கட்டுகிறோம். ரோமானியன் அவிழ்த்தான். இரண்டு பேருக்கும் கடைசியில் மடிதான் காலி.

இனி தாராளத்துக்கு வருவோம். ‘ஜெனரஸ்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் நல்ல குலத்தில் பிறந்தவன் என்றுதான் அர்த்தம். காலணா கொடுக்க வேண்டியதில்லை, பிறந்தால் போதும். கொடுக்கும் பழக்கம் அந்தச் சொல்லுக்குப் பல நூற்றாண்டு கழித்துத்தான் வந்தது.

நிஜமாகவே கொடுப்பதற்கு அவர்களிடம் இருந்த சொல் ‘மூனுஸ்’. இதை மொழிபெயர்க்க இங்கிலீஷ்காரன் திண்டாடுவான். நமக்குக் கவலையில்லை, கடன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். கடமையும் மூனுஸ், கொடையும் மூனுஸ், செத்தவர்களுக்குச் செய்வதும் மூனுஸ். இந்தப் பிதிர்க்கடனில் ஆரம்பித்ததுதான் கத்திச் சண்டை. கி.மு. 264இல் புரூட்டுஸ் பெரா என்பவரின் பிள்ளைகள், அப்பா ஆத்மா சாந்தியடைய மாட்டுச்சந்தையில் மூன்று ஜோடி ஆட்களை வெட்டிக்கொள்ள விட்டார்கள். ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. எள்ளும் தண்ணீரும் விட்டால் யார் வேடிக்கை பார்க்க வருவார்கள்?

ஜூலியஸ் சீசருக்கு அப்பா போனது கி.மு. 85இல். இருபது வருஷம் திவச நினைப்பே வரவில்லை. கி.மு. 65இல் சந்தை, தெரு, திருவிழாக்களைப் பார்த்துக்கொள்ளும் பதவி கிடைத்ததும் திடீரென்று பித்ரு பக்தி பொங்கிவிட்டது. 320 ஜோடி வீரர்கள், வெள்ளியில் ஆயுதம். இன்னும் அதிகம் இறக்கத் திட்டமிருந்தது. ஊருக்குள் இத்தனை கத்தியா என்று மிரண்ட எதிராளிகள் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். எல்லாம் கடன் வாங்கிச் செய்த கடன். கி.மு. 61இல் ஸ்பெயினுக்கு ஆளுநராகக் கிளம்பியவரைக் கொடுத்தவர்கள் மறித்துக்கொண்டார்கள். பெரும் பணக்காரர் கிராசுஸ் 830 தாலந்துக்கு ஜாமீன் நின்றபிறகுதான் வண்டி நகர்ந்தது. பிறகு இன்றைய பிரான்ஸை உள்ளிட்ட ‘கால்’ (Gaul) தேசத்தைப் பிடித்துச் சூறையாடி, கொழுத்துத் திரும்பினார். அந்தப் போரைப்பற்றி அவரே எழுதிய புத்தகத்தில் கால் தேசத்தை அடக்கியதற்குப் போட்ட வினை எது தெரியுமா? அதே பாகாரே. கால் மக்களைக் கத்தியால் சமாதானப்படுத்தினார், ரோமில் கத்தியவர்களைக் கால் மக்களின் பணத்தால்.

மூனுஸ் இல்லாதவன் ‘இம்யூன்’. ஊசி போட்டுக்கொண்டு நாம் பெறும் இம்யூனிட்டி, ஆதியில் ஊர்ப்பொறுப்பிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்கு. காய்ச்சலுக்கு அது பின்னால்தான் தாவியது.

‘சாலரி’யைப் பற்றி ஊரறிந்த கதை ஒன்று உண்டு: ரோமானியச் சிப்பாய்க்கு உப்பாகவே சம்பளம் அளந்தார்கள் என்று. சொல்லில் உப்பு இருப்பது நிஜம், அளந்ததற்குப் பழைய சாட்சி இல்லை. சம்பாவும் உப்பளமும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்று நம் மேடைகளில் சொல்கிறார்களே, அதற்கு இது ஒன்றுவிட்ட அண்ணன்.

சிப்பாய்கள் சம்பளத்துக்கு மேல் வாங்கியது உப்பு அல்ல, ‘டொனாட்டிவும்’. புதுச் சக்கரவர்த்தி படைக்கு மனமுவந்து தரும் நன்கொடை. மனமுவப்பு எந்த அளவென்று பிள்ளைக்கு அட்மிஷன் வாங்க டொனேஷனோடு அலைந்த பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கி.பி. 193 மார்ச்சில் மெய்க்காவல் படை சக்கரவர்த்தி பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு, நாற்காலியை ஏலத்துக்கு விட்டது. கொல்லப்பட்டவரின் மாமனார் சுல்பிகியானுஸ் பாசறைக்கு உள்ளே நின்று கேட்கிறார். டிடியுஸ் ஜூலியானுஸ் என்ற செனட்டர் மதிலுக்கு வெளியே. ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸ் என்று மாமனார் ஏறியதும், வெளியே நின்றவர் ஒரே மூச்சில் 25,000 என்று கத்தி, காது கேட்காதவர்களுக்காக விரலையும் நீட்டிக் காட்டினார். சாம்ராஜ்யம் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். 66 நாள் ஆண்டார். பிறகு அரண்மனையிலேயே ஒரு சிப்பாய் கணக்கை முடித்தான்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தவர் சக்கரவர்த்தி வெஸ்பாசியன். கொடுப்பதைப்பற்றிப் பொய் சொல்லாத கஞ்சர். ரோமின் வண்ணார்கள் துணி வெளுக்க மூத்திரம் சேகரிப்பார்கள். மனிதர் அதற்கு வரி போட்டார். காலைக்கடனையும் விட்டுவைக்கவில்லை! மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, அந்த வரியில் வந்த முதல் காசை எடுத்து அவன் மூக்கருகே நீட்டி நாறுகிறதா என்று கேட்டார். இல்லை என்றான். பிரெஞ்சுக்காரர்கள் பிற்காலத்தில் தெருமுனைக் கழிப்பிடத்துக்கு அவர் பெயரையே வைத்து நன்றி செலுத்தினார்கள்.

கி.பி. 79இல் அவர் போனபோது, வழக்கப்படி ஃபாவோர் என்ற கூத்தாடி அவருடைய முகமூடியைப் போட்டுக்கொண்டு, அவரைப்போலவே பேசி ஊர்வலத்தில் நடந்தான். நடுவில் நின்று அதிகாரிகளைப் பார்த்து, ‘இந்தக் காரியத்துக்கு என்ன செலவு?’ என்றான். ஒரு கோடி செஸ்டர்ஸ் என்றார்கள். ‘எனக்கு ஒரு லட்சம் கொடுத்துவிட்டு, ஆளை டைபரில் தூக்கிப் போடுங்கள்’ என்றான் பிணம்.