நெடுந்தீவில் காணி வாங்கலாமா?

கேள்வி: நெடுந்தீவில் காணி வாங்கி, மீன்பிடித்துக்கொண்டு நிம்மதியாக வாழ ஆசை. சரிவருமா?
– ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: ஆசை நல்லது. சுற்றிவரக் கடல் இருந்தும் அங்கே நல்ல தண்ணீருக்குத்தான் தட்டுப்பாடு. முதலில் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள், பிறகு காணியைப் பாருங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகும் கரையில், நீங்களும் கரையில். சாந்து பூசாமல் அடுக்கிய பவளக்கல் மதில் எல்லையைக் காட்டும். உரிமையைக் காட்டுவது காணி உறுதிதான். யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டப்படி, விற்கும் காணியில் பங்குள்ள பங்காளிக்கே வாங்குவதில் முதல் உரிமை. அவருக்கு அறிவிக்காமல் வாங்கினால் வழக்கும் சேர்ந்து வரும். கனடாக் குடியுரிமை மட்டும் இருந்தால் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க இலங்கைச் சட்டம் குறுக்கே நிற்கும். இரட்டைக் குடியுரிமை எடுங்கள். விலை ஏறும் என்று வாங்காதீர்கள், வாழ்வதற்கு வாங்குங்கள். பூட்டிய வீடுகள் அங்கே ஏற்கெனவே நிறைய உண்டு.