மெஷினுக்கு ஸ்பேர் இல்லையாமே!

கேள்வி: எங்கள் வாஷிங் மெஷினுக்கு வயது 12. போர்டு போய்விட்டது. ‘ஸ்பேர் வர்றதில்லை, புதுசு வாங்கிடுங்க’ என்கிறார் மெக்கானிக். நிஜமா?
– வாசகி, மதுரை

பதில்: நிஜமாகவே இருக்கலாம். பெல்ட், கெபாசிட்டர் போன்றவை பல மாடல்களுக்குப் பொது, கடையில் தொங்கும். போர்டு அப்படியல்ல, அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. மாடல் நின்றால் தையலும் நின்றுவிடும். சில மெஷின்களில் டப்பையே ஒட்டி மூடிவிடுகிறார்கள். உள்ளே பேரிங் தேய்ந்தால் முழு டப்பையும் மாற்ற வேண்டும். மூக்குத்தி தொலைந்ததற்கு மூக்கையே மாற்றுகிற கதை!

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி: மாடல் நின்ற பிறகும் முக்கிய உதிரிபாகங்களை 10 ஆண்டுகள் தர வேண்டும். நம் மத்திய அரசு 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு இணையதளம் திறந்தது.

போர்டைக் கழற்றி, சால்டரிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பல சமயம் போயிருப்பது ஒரு ரிலேதான். அதுவும் பலிக்காவிட்டால், கொல்லையில் துவைக்கிற கல் இருக்கிறது. அதில் தேயும் ஒரே பாகம் உங்கள் இடுப்பு மூட்டு. அதற்கு மட்டும் ஸ்பேர் தாராளமாகக் கிடைக்கிறது!